தன் கதையும் மகன் கதையும்

பிறர்க்கு அறம் உரைக்கும் ஒருவர், தம்முடைய சொந்த வாழ்க்கையை அவர்கள் முன் எவ்வளவு தூரம் திறந்து காட்டலாம்? அவர் பிள்ளை பெற்றவராகவும் இருந்துவிட்டால், அப்பிள்ளைகளின் வாழ்க்கையும் அவர் எடுத்துரைக்கும் உதாரணங்களுள் சேர்ந்துவிடலாமா? இவ்வினா முற்றத் துறந்த முனிவர்களுக்கு எழுவதில்லை. இல்லத்தையும் சுற்றத்தையும் பழைய பெயரையுமே விட்டு வந்தவர்க்கு 'என் வீட்டில் நடந்தது' என்று சொல்ல எதுவும் எஞ்சுவதில்லை. இல்லறத்தில் இருந்துகொண்டே சமயம் கற்பிப்பவர்க்குத்தான் இது நாள்தோறும் எழுகின்ற வினா. தமிழ்ச் சமணராகிய நம்மிடையே சமயம் இன்று பெரும்பாலும் இத்தகையோர் கையிலேயே இருக்கிறது என்பதால், இதைச் சற்று விரிவாக எண்ணிப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரத்து ஊர்களிலிருந்து வேலையின் பொருட்டுப் புறப்பட்ட நம்மவர், தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எனத் தென்சென்னைப் புறநகரெங்கும் குடியேறி இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. ஊரில் இருந்தவரை ஜினாலயமும் உபாத்தியாயர் வீடும் கூப்பிடு தொலைவில் இருந்தன. மேல்சித்தாமூர் மடத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் வந்தனர். இங்கோ முனிவர்களின் வருகை அரிது. ஆகவே பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கியில் கணக்குப் பார்த்தவர், மணிமேகலையும் சிந்தாமணியும் கற்ற பாட்டி ஆகியோரே பிள்ளைகளுக்கு ஆசான்களாயினர். மின்சார ரயிலிலிருந்து காய்கறிப் பையோடு இறங்கி, கைகால் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு, அண்டை வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துத் தத்துவார்த்த சூத்திரம் சொல்லித் தருகிறார் ஒருவர். முந்திய நாள் மாலையில் அவர் சந்தையில் கத்தரிக்காய்க்கு வாதாடியதை அப்பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அவர் மகன் எந்தப் பள்ளியில் படித்தான், எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்பதும் தெருவுக்கே தெரியும். அவருடைய வாழ்க்கை பாதி திறந்த கதவாகத்தான் இருக்கிறது. மீதிப் பாதியைத் திறப்பதா வேண்டாவா என்பதே கேள்வி.

நானும் அத்தகையோருள் ஒருவன். சேலையூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் ஏழு பேர் வந்தார்கள். ஒரு நாள் பிரதிக்கிரமணம் பற்றிய பாடம். 'செய்த பிழையிலிருந்து மீண்டு வருதல்' என்று சொற்பொருள் சொன்னேன், வகைகளைச் சொன்னேன், ஒரு தலையும் நிமிரவில்லை. எனக்கே சலிப்புத் தட்டியது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, என் இருபத்திரண்டாம் வயதில் நடந்ததைச் சொன்னேன். முதல் வேலை. மாலையில் தாம்பரம் நிலையத்தில் இறங்கும்போது இருட்டிவிடும். பசி தாளாமல் நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் இட்டலி தின்றுவிட்டு வீட்டுக்கு வருவேன். அம்மா கேட்டால், 'பொழுது சாய்வதற்குள் அலுவலகத்திலேயே சாப்பிட்டுவிட்டேன்' என்பேன். இப்படிப் பல மாதங்கள். இரவில் உண்ணாமை நோன்பில் தன் மகன் எவ்வளவு உறுதியாக இருக்கிறான் என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லி வந்தார். அந்தப் பெருமையைக் கேட்டபோதுதான் இட்டலி தொண்டையில் நின்றது.

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஒரு பையன், நண்பனின் பிறந்தநாள் விருந்தில் தான் இரவில் கேக் தின்றதைச் சொன்னான். ஒரு பெண், தன் தம்பி செய்ததாகச் சொன்ன ஒரு காரியம் உண்மையில் தான் செய்தது என்றாள். வகைகளை ஒப்பிக்கும்போது கிட்டாத பிரதிக்கிரமணம் அன்று அந்தக் கூடத்தில் நடந்தது. அடுத்த மாதம் வகுப்பில் இருபது பேர். பெற்றோர்கள் வாயிலில் நின்று பேசிவிட்டுப் போகத் தொடங்கினர். சொந்தக் கதைக்கு உள்ள ஆற்றலை அன்று கண்டுகொண்டேன். கண்டுகொண்டதில் சற்று மயங்கவும் செய்தேன்.

இந்த ஆற்றல் நம் சமயத்துக்குப் புதிதன்று. வர்த்தமான மகாவீரரின் முற்பிறப்புகளை நம் புராணங்கள் எப்படிச் சொல்கின்றன என்று பாருங்கள். ஆதிபகவானின் பேரனாகிய மரீசியாகப் பிறந்து, தவத்தில் நிலைக்க மாட்டாமல் நெறி பிறழ்ந்து, பொய்ச்சமயம் ஒன்றை உண்டாக்கினார் என்று சொல்கின்றன. சிங்கமாகப் பிறந்து மானைக் கொன்று தின்றுகொண்டிருந்தபோது, வானில் வந்த சாரண முனிவர் இருவர் இறங்கி அறம் உரைக்க, அந்தச் சிங்கம் மனம் மாறியது என்று சொல்கின்றன. இருபத்து நான்காம் தீர்த்தங்கரரின் பழைய பிழைகளை மறைத்துவிட வேண்டும் என்று புராணம் எழுதியவர்கள் கருதவில்லை. பிழை செய்த உயிரே வீட்டை அடைந்தது என்று அறிவதில்தான் கேட்பவனுக்கு நம்பிக்கை பிறக்கிறது.

புராணத்தை விட்டு மனிதர் எழுதிய சரித்திரத்துக்கு வந்தால், முதலில் நினைவுக்கு வருபவர் பனாரஸிதாஸ். 1586இல் ஜௌன்பூரில் நகை வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்த சிராவகர், துறவியல்லர், மும்முறை மணந்தவர். ஆக்ராவில் ஆன்ம விசாரத்தில் ஈடுபட்டிருந்த இல்லறத்தார் குழுவில் முதன்மை பெற்று விளங்கியவர். பொன்னூர் மலையோடு நாம் தொடர்புபடுத்திப் போற்றும் குந்தகுந்தாசாரியரின் சமயசாரத்தை அடியொற்றி, 'சமயசார நாடகம்' என்ற நூலை 1636இல் இயற்றினார். அந்த வகையில் அவர் நமக்குத் தூரத்து உறவினர். அவர் தமது ஐம்பத்தைந்தாம் வயதில், 1641இல், தம் வாழ்க்கையையே செய்யுளில் எழுதினார். மனித ஆயுள் நூற்றுப்பத்து என்று கணக்கிட்டுக்கொண்டு, அதில் பாதி கழிந்தது என்பதால் 'அர்த்த கதானகம்', அதாவது பாதிக் கதை, என்று பெயரிட்டார். இந்திய மொழிகளில் எழுந்த முதல் தன்வரலாறு என்று பலரும் அதனைக் குறிப்பிடுவர்.

அந்நூலில் தம்மைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டது எது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இளமையில் காமத்தில் மூழ்கியதும், தந்தையின் பொருளைத் திருடியதும், அதன் பின் நோயுற்று உடல் முழுவதும் புண்ணானதும் வருகின்றன. சிருங்காரச் சுவை மிக்க ஆயிரம் செய்யுளை எழுதிவிட்டுப் பின்னர் மனம் வருந்திக் கோமதி ஆற்றில் எறிந்தது வருகிறது. ஒரு மந்திரத்தை ஓராண்டு செபித்தால் நாள்தோறும் வாயிலில் பொற்காசு கிடக்கும் என்று ஒரு போலிச் சந்நியாசி சொன்னதை நம்பி ஏமாந்ததும் உண்டு. அக்பர் சக்கரவர்த்தி இறந்தார் என்ற செய்தி 1605இல் எட்டியபோது மாடிப்படியிலிருந்து மயங்கி விழுந்து தலை உடைந்ததையும் சொல்கிறார். ஆக்ராவில் வணிகம் நொடித்துப்போய், கச்சோரி விற்பவன் ஒருவனிடம் மாதக்கணக்கில் கடனுக்கு உண்டு வாழ்ந்ததையும் சொல்கிறார். இவற்றையெல்லாம் விட நம்மவர்க்குச் சங்கடம் தரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஆன்மாவே மெய், சடங்குகள் வீண் என்ற அரைகுறைத் தெளிவில், அவரும் நண்பர்களும் ஓர் அறைக்குள் ஆடையைக் களைந்துவிட்டு 'நாம் முனிவர்கள் ஆகிவிட்டோம்' என்று விளையாடினார்களாம். பின்னர் கோம்மடசாரத்தை முறையாகப் பாடங்கேட்ட பிறகே அறிவு நேர்ப்பட்டது என்கிறார். இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவதுபோல் வரவு செலவாக எழுதி வைக்கிறார். பொய்க்கதை சொல்வதில் விருப்பம் உண்டு என்றும், தனியே இருக்கும்போது நடனமாடுவதுண்டு என்றும் அப்பேரேட்டில் காண்கிறோம். தனியே நடனமாடும் தத்துவ ஞானியை எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

அவர் தந்தையுமாவார். ஏழு ஆணும் இரண்டு பெண்ணுமாக ஒன்பது குழந்தைகள் பிறந்து, ஒன்பதும் மடிந்தன. இதை அவர் நீட்டி அழவில்லை. சில வரிகளில், இலையுதிர்ந்த மரங்களைப்போலத் தாமும் மனைவியும் எஞ்சியதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தச் சுருக்கத்தைப் படித்தபோது, பிள்ளையை இழந்த எங்கள் தெரு நண்பர் ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தது. அவருக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுவிட்டு, மறுநாள் வந்து அதை மீண்டும் வாசிக்கச் சொன்னார். நிலையாமையைப் பற்றி நான் அவர்க்கு எத்தனையோ முறை எடுத்துரைத்ததுண்டு. அவற்றுள் ஒன்றையும் அவர் மறுமுறை கேட்டதில்லை.

இதே காலத்தில் கடல் கடந்து வெனிஸ் நகரில் ஒருவர் தம் கதையை எழுதிக்கொண்டிருந்தார். பனாரஸிதாஸ் அவரை அறியார். அவரும் இவரை அறியார். லெயோனே மோதெனா என்ற அவர் யூத சமயத்து 'ரபி'. ரபி என்பவர் துறவியல்லர். வேதம் கற்று, அதன் விதிகளை மக்களுக்கு விளக்கித் தீர்ப்புச் சொல்லும் ஆசான். மணந்து, பிள்ளை பெற்று, சமூகத்தின் நடுவே வாழ்பவர். கொச்சியில் மட்டாஞ்சேரி யூதத் தொழுகைக் கூடத்தைச் சுற்றுலாவில் கண்டு வந்த நம்மவர் பலர். அந்தச் சமயத்தின் ஆசான் என்று கொள்க. 1571இல் பிறந்து 1648இல் மறைந்த மோதெனா, வெனிஸில் யூதர்களுக்கென ஒதுக்கி இரவில் வாயில் அடைக்கப்பட்ட குடியிருப்பில் வாழ்ந்தார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கிறித்தவர்களும் அங்கே வந்தனர் என்றால் நாவன்மையை அறிந்துகொள்ளலாம். பிழைப்புக்காகத் தாம் செய்த தொழில்கள் என்று இருபத்தாறைப் பட்டியலிடுகிறார். இளமையில் சூதின் தீமையைப் பற்றி நூல் எழுதியவர், பின்னர் சூதாட்டத்தை விட மாட்டாதவராகிப் பொருளையெல்லாம் தோற்றார். அதை ஒளிக்காமல் எழுதினார்.

அவர் எழுதத் தொடங்கிய காரணம் மனத்தை உருக்குவது. மூத்த மகன் மொர்தெகாய் இரசவாதத்தில் ஈடுபட்டு, ஈயத்தையும் நஞ்சுப் பொருள்களையும் புடமிட்டு வெள்ளி செய்ய முயன்றான். அந்தப் புகையில் நோயுற்று 1617இல், இருபத்தாறு வயதில் இறந்தான். அவனுக்கும் பிற பிள்ளைகளுக்கும் மாணாக்கர்களுக்கும் விட்டுச் செல்ல வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்த தன்வரலாற்றை, அவன் போன பிறகுதான் எபிரேய மொழியில் எழுதத் தொடங்கினார். பின்னும் துயரம் ஓயவில்லை. இன்னொரு மகன் செபுலூன் 1622இல் ஒரு கும்பலால் கொல்லப்பட்டான். ஈசாக்கு என்ற மகன் தந்தை சொல் கேளாதவனாய், சூதில் இறங்கி, தேசாந்தரம் போனான். மூவர் கதையும் அந்நூலில் இருக்கிறது.

மோதெனாவின் சூதாட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அவர்பால் அன்பு பிறந்தது. கொல்லப்பட்டவனைப் பற்றிப் படிக்கும்போது கண் கலங்கியது. ஆனால் ஈசாக்கின் தீயொழுக்கத்தைத் தந்தையே எழுதியதைப் படிக்கும்போது, பிறர் வீட்டுச் சன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டவனைப்போலக் கூசினேன். ஈசாக்கு என்ன சொல்லியிருப்பான்? அவன் தரப்பு அந்நூலில் இல்லை. மோதெனாவின் மேல் குற்றம் சுமத்த நான் முற்படவில்லை. அவர் அதனை அச்சிட்டுப் பரப்பவில்லை. கையெழுத்துப் படியாகவே வீட்டார்க்கு விட்டுச் சென்றார். 1911இல்தான் அது நூலாக வெளிவந்தது. பனாரஸிதாஸுக்கோ இச்சங்கடமே நேரவில்லை. அவருடைய மக்கள் பிழை செய்யும் அளவுக்கு வாழ்ந்திருக்கவில்லை. ஆகவே அவரைச் சிறந்தவர் என்றும் இவரைத் தாழ்ந்தவர் என்றும் தராசில் நிறுத்துவது நேர்மையன்று. வளர்ந்த பிள்ளையை உடைய ஆசானுக்கு உரிய சோதனையை மோதெனா சந்தித்தார், அவ்வளவே. நானும் அதைச் சந்தித்தேன், தோற்றேன்.

இட்டலிக் கதை வெற்றி பெற்ற பின், வகுப்பில் என் சொந்தக் கதைகள் தீர்ந்து போயின. வாய்மை பற்றிய பாடத்தில், 'எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பையன்' என்று தொடங்கி ஒரு கதை சொன்னேன். அவன் பத்தாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வில் தவறிவிட்டான். ரேங்க் கார்டில் தகப்பனார் கையெழுத்தைத் தானே போட்டு, கார்டை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தான். அரிசி அளக்கப் போன பாட்டியின் கையில் அது அகப்பட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெயர் சொல்லவில்லை என்று நான் மனச்சான்றை ஆற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒரே பையன் என்பது தெருவே அறிந்தது. அக்கதையைப் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டார்கள். நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னேன்.

இரண்டாண்டு கழித்துத் திண்டிவனத்தில் ஒரு திருமணம். என் மகனுக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. பந்தியில், அவனுடைய மாமனார் வீட்டார் இருக்கும்போது, உறவுப் பெண்மணி ஒருவர் விளையாட்டாக, 'அரிசி டின்னில் கார்டு ஒளித்த பிள்ளை நீதானே' என்று கேட்டார். எல்லாரும் சிரித்தனர். அவனும் சிரித்தான். திரும்பும்போது பேருந்து மேல்மருவத்தூரைத் தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "அப்பா, நீங்கள் இரவில் சாப்பிட்ட கதையை ஆயிரம் பேரிடம் சொல்லுங்கள். அது உங்களுடையது. இது என்னுடையது. அன்றைக்கு நீங்கள் என்னை அடிக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன், இனிமேல் செய்யாதே என்று சொன்னீர்கள். எனக்கு அந்த நாளில் நினைவிருப்பது அதுதான்."

எனக்கு நினைவில் இல்லாமல் போனதும் அதுதான். கார்டும் கையெழுத்தும் பாட்டியும் நினைவிருந்தன. நான் கொடுத்த வாக்கு மறந்துவிட்டது. வாய்மை பற்றிய பாடத்துக்கு, வாய்மை தவறி, உதாரணம் காட்டியிருக்கிறேன்.

அதன் பிறகு நம் நூல்களைத் திரும்பப் புரட்டினேன். குற்றத்தை ஒப்புரைத்தல் நம் சமயத்தில் 'ஆலோசனை' எனப்படும். பிராயச்சித்தத்தின் வகைகளுள் தத்துவார்த்த சூத்திரம் முதலில் வைத்தது இதையே. இதில் நேரும் பத்துக் குற்றங்களை உரையாசிரியர்கள் எண்ணிக் காட்டுகின்றனர். பத்தையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. சில என்னைச் சுட்டவை. பிறர் கண்டுவிட்ட குற்றத்தை மட்டும் சொல்வது 'திருஷ்டம்'. சிறியதைச் சொல்லிப் பெரியதை மறைப்பது 'சூக்ஷ்மம்'. தன் குற்றம் என்று காட்டிக்கொள்ளாமல், 'இப்படி ஒருவன் செய்தால் என்ன பரிகாரம்' என்று மறைமுகமாகக் கேட்பது 'சன்னம்'. பலர் கூடி இரைச்சலிடும் வேளையில் சொல்லிவிட்டுச் சொன்னதாகக் கணக்கு வைப்பது 'சப்தாகுலம்'. தன் குற்றத்தையே செய்பவனிடம் போய்ச் சொல்வது 'தத்ஸேவி'. ஒப்புரைப்பதிலும் மனிதன் எப்படியெல்லாம் தப்பித்துக்கொள்வான் என்று ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன்பே கண்டு வைத்திருக்கிறார்கள். இட்டலிக் கதை நான் செய்தவற்றுள் சிறியது, கேட்பவர் சிரிக்கக்கூடியது, அதனால்தான் அதைத் தேர்ந்தேன். பெரியது எது என்பதை இங்கும் நான் எழுதப் போவதில்லை. ஆகவே சூக்ஷ்மம் என்ற குற்றம் இந்தக் கட்டுரையிலும் தொடர்கிறது என்று வாசகர்கள் கொள்ளலாம்.

ஒப்புரைப்பவனுக்கு மட்டுமன்றிக் கேட்பவனுக்கும் இலக்கணம் உண்டு. சிவாரியர் இயற்றிய பகவதி ஆராதனை, ஆலோசனை கேட்கும் ஆசாரியரின் குணங்களுள் ஒன்றாக 'அபரிஸ்ராவி' என்பதைச் சொல்கிறது. கசியாதவர் என்பது பொருள். காய்ந்த இரும்பு குடித்த நீர் வெளியே வராததுபோல, கேட்ட குற்றம் அவரிடமிருந்து வெளிப்படலாகாது என்பது கருத்து. இதைப் படித்தபோதுதான் தந்தையின் இடம் எது என்று எனக்கு விளங்கிற்று. பிள்ளையின் பிழைகள் தந்தைக்குத் தெரிவது அவன் சாமர்த்தியத்தால் அன்று. பிள்ளை அவன் வீட்டில், அவன் நிழலில், அவனை நம்பி வளர்வதால் தெரிகிறது. அரிசி டின்னிலிருந்து கார்டு எடுக்கப்பட்ட அந்த மாலையில் என் மகன் என் முன் தலைகுனிந்து நின்றான். அவன் அறிந்தோ அறியாமலோ எனக்கு ஆசாரியரின் ஆசனத்தைத் தந்திருந்தான். இருபதாண்டு கழித்து நான் கசிந்துவிட்டேன்.

நற்காட்சியின் எட்டு அங்கங்களை நம் வீட்டுப் பிள்ளைகள் அருங்கலச்செப்பில் ஓதுகிறார்கள். அவற்றுள் ஐந்தாவது உபகூகனம்: நெறியில் நிற்க முயல்வோரின் குறையை மூடுதல். சமந்தபத்திரர் இதற்குச் சினேந்திர பத்தனைச் சான்று காட்டுகிறார். விரதியின் வேடத்தில் வந்த கள்வன், அந்த வணிகனுடைய ஜினாலயத்து மணியைத் திருடிக்கொண்டு ஓடிக் காவலரிடம் அகப்பட்டான். 'நான் சொல்லித்தான் எடுத்து வந்தார்' என்று பலர் முன் கூறிக் காப்பாற்றிவிட்டு, பின்னர்த் தனியே கடிந்து அவனை அனுப்பினான் வணிகன். இக்கதையை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கள்வன் ஒருவனின் குற்றத்தை ஊரார் முன் மூடியவனைப் புகழ்ந்த அதே வாயால், பெற்ற மகனின் குற்றத்தைத் திறந்து காட்டினேன்.

இங்கே நண்பர் ஒருவர் ஒரு தடை எழுப்பினார். "பிள்ளையால் நான் பட்ட துன்பம் என்னுடையதுதானே? அதையும் சொல்லக் கூடாது என்றால், பெற்றோர் ஒருவர்க்கொருவர் எப்படி ஆறுதலாவது? எல்லா வீட்டிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, நம் வீட்டில்தான் இப்படி என்று ஒவ்வொருவரும் தனியே குமைய வேண்டுமா?" தடை நியாயமானது. புறநகரில் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் அப்படிக் குமைபவர் பலர் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை கைவிட்டுப் போய்விட்டான் என்று வாயிலில் நின்று அழுத தாய்க்கு நான் எந்தச் சூத்திரத்தைச் சொல்வது? 'எனக்கும் ஓர் இரவு உறக்கம் வரவில்லை அம்மா' என்று சொன்னால்தான் அவர் உட்காருவார்.

ஆகவே என் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல முயன்று பார்த்தேன். என் கோபம், என் அச்சம், அன்றிரவு கூடத்தில் நான் நடந்துகொண்டிருந்தது. இவ்வளவு போதும், கார்டும் டின்னும் வேண்டா என்று. வகுப்பில் அது எடுபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதையின் சுவை அந்த டின்னில்தான் இருந்தது. ஆனால் தனியே வந்த அந்தத் தாய்க்கு அது போதுமானதாக இருந்தது. காந்தியடிகள் மதித்த ஸ்ரீமத் ராஜசந்திரர் (1867-1901) இங்கு நினைக்கத்தக்கவர். பம்பாயில் நகை வணிகம் செய்த இல்லறத்தார், குழந்தைகளின் தந்தை. தம் அகத்தின் போராட்டங்களைப் பெரும்பாலும் கடிதங்களில் எழுதினார். கடிதம் என்பது பெயர் தெரிந்த ஒருவருக்குப் போவது. 1894இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தியடிகள் சமயம் பற்றி இருபத்தேழு வினாக்கள் எழுதிக் கேட்டதற்கும் கடிதத்திலேயே விடையளித்தார். அவர் மறைவுக்குப் பின் அவை தொகுக்கப்பட்டு இன்று பலரும் படிக்கிறோம் என்பது வேறு. எழுதும்போது எதிரே ஒரு முகம் இருந்தது. பலர் முன் பேசும்போது எனக்கு அந்த முகம் மறைந்து, கைதட்டல்தான் கேட்டது. நான்கு கஷாயங்களுள் மானம் என்பது தன் பெருமையைச் சொல்லும்போது மட்டும் வளர்வதன்று; தன் சிறுமையை அழகாகச் சொல்லும்போதும் கொழுக்கும்.

என் குற்றத்தைச் சொல்ல எனக்கு உரிமையுண்டு. அதையும் அளவோடு, மானம் எங்கே தலைதூக்குகிறது என்று பார்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். மகன் குற்றத்தைச் சொல்ல அவன் இசைவு வேண்டும். பெண்ணின் திருமணப் பேச்சு, மருமகளின் நோய், பேரனின் படிப்பு ஆகியவையும் இவ்வகையினவே. வகுப்பில் இருபது பேர் கேட்ட கதை இரண்டே ஆண்டில் திண்டிவனத்துப் பந்திவரை போயிற்று. இன்று கைப்பேசி வழியாக அது ஒரு பகலில் போய்ச் சேரும்.

அவ்வாண்டு தசலட்சண பர்வம் முடிந்து க்ஷமாவணி நாளில், வழக்கம்போல் எல்லாரும் எல்லாரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டோம். என் மகனிடமும் கேட்டேன், அவனும் கேட்டான். அது சப்தாகுலம் என்று எனக்கே தெரிந்தது. மாலையில் அவன் வீட்டுக்குப் போய், மொட்டைமாடியில் தனியாக இருந்தபோது, எந்தப் பிழைக்கு, எத்தனை முறை செய்ததற்கு, எந்த வாக்கை மறந்ததற்கு என்று விவரமாகச் சொல்லிக் கேட்டேன். அவன் உடனே விடை சொல்லவில்லை. தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பக்கம் சிறு விமானம் ஒன்று வட்டமிட்டு இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'சரி அப்பா' என்றான். 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

அடுத்த சில மாதங்களில் அவன் தன் பெண்ணை வகுப்புக்கு அனுப்பத் தொடங்கினான். ஒன்பது வயது. சென்ற மாதம் வாய்மை பற்றிய பாடம் மறுபடி வந்தது. பழைய மாணவன் ஒருவன், "தாத்தா, அரிசி டின் கதை சொல்லுங்கள்" என்றான். அது என்னுடைய கதை அன்று, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு இட்டலிக் கதையைச் சொன்னேன். புதியவர்கள் சிரித்தார்கள்; பழையவர்களுக்கு ஏமாற்றம். வகுப்பு முடிந்து பேத்தியை வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியில், சேலையூர் ஏரிக்கரையில், "அரிசி டின் கதை யாருடையது தாத்தா?" என்று கேட்டாள். "உன் அப்பாவைக் கேட்டுப் பார்" என்றேன். கேட்டாளா, அவன் சொன்னானா என்று நான் விசாரிக்கவில்லை.